ஒரு குழலுக்கு இரண்டு ஆள்

வில்லாக் குடியிருப்பின் கேட்டில் பகல் டியூட்டி. கையில் பென்சில். உள்ளே வருகிற வண்டியின் நம்பர் எழுதுவதற்காகக் கொடுத்த பென்சில்.

வண்டி ஒன்றும் வரவில்லை. என் விரல்கள் சும்மா இருக்கவில்லை. பென்சிலை நெஞ்சுக்கு முன்னால் குழல் மாதிரி பிடித்து, மேலே இடது கை, கீழே வலது கை, தூக்குவதும் மூடுவதுமாக இருந்தன. சத்தம் கிடையாது. பாட்டு என் தலைக்குள் மட்டும்.

நிமிர்ந்தால் எதிரே டங்கன் சார் நிற்கிறார். பதினேழாம் நம்பர் வில்லாக்காரர். ஸ்காட்லாந்து ஆள். அறுபதை நெருங்கிய வயது. இடது கால் இழுக்கும். இடது கை தொங்கும். தடி ஊன்றி தினமும் காலையில் கேட் வரை நடந்துவிட்டுத் திரும்புவார். நான் சல்யூட் வைப்பேன். அவர் தலையாட்டுவார். எட்டு மாதமாக எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

அன்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தினேன். நிறுத்தாதே என்று தடியை ஆட்டினார். நான் அசையவில்லை. அவர் வாயைத் திறந்து முனகினார். நான் விட்ட இடத்திலிருந்து அடுத்த வரி.

ஊதாத பாட்டை விரலைப் பார்த்தே படித்துவிட்டார்.

"எந்த பட்டாலியன்?" என்று கேட்டார்.

மூச்சுள்ளவன்

நான் ராணுவத்தில் பேக்பைப் ஊதுகிற பைப்பராக இருந்ததை இந்தத் தொடரில் இதுவரை எழுதவில்லை. கேட்டில் நிற்கிற தங்கசாமி என்றுதான் உங்களுக்குத் தெரியும். கேட்பார் இல்லாததால் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தேன். பயிற்சியில் ஒருநாள் எல்லோரையும் மூச்சுப் பிடிக்கச் சொன்னார்கள். கடைசி வரை விடாமல் நின்றது நான். கடற்கரை ஊர்க்காரன், கடலில் முங்கிப் பழகியிருப்பான் என்று ஹவில்தார் சொன்னார். எனக்கு நீச்சலே தெரியாது. சொல்லவில்லை. பேண்டில் போட்டார்கள்.

பேக்பைப்பை நீங்கள் குடியரசு தின அணிவகுப்பில் பார்த்திருப்பீர்கள். கக்கத்தில் ஒரு தோல்பை. தோளில் சாய்ந்து மூன்று குழல். அவை ஒரே சுரத்தில் இரைந்துகொண்டே இருக்கும். முன்னால் தொங்குகிற குழலில்தான் பாட்டு. நாதஸ்வரத்துக்கு இருக்கிற மாதிரி இதற்கும் சீவாளி உண்டு. பையை ஊதி நிரப்பி, முழங்கையால் அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் ஆடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்து அடங்கும்.

இதை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். அவன் போய்விட்டான். பாட்டெல்லாம் இங்கேயே தங்கிவிட்டது. பாட்டுகளுக்கு வாயில் நுழையாத பேர்கள் இருந்திருக்கும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த உஸ்தாதுக்கு அந்தப் பேர்கள் தெரியாது. அவருடைய உஸ்தாதுக்கும் தெரியாது. நம்பர்தான். ஒன்று, காலையில் எழுப்ப. மூன்று, நடக்க; கேட்டில் என் விரல் எடுத்தது இதைத்தான். எட்டு, சாப்பிட.

எட்டாம் நம்பர் தினமும் வராது. படா கானா அன்றைக்கு மட்டும். ஆபீசரும் சிப்பாயும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய விருந்து அது. ஆட்டுக்கறி உண்டு. எட்டாம் நம்பரை நான் ஊத ஆரம்பித்தால் அறுநூறு பேர் தட்டை எடுப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. யுத்தம் வந்தால் பேண்டுக்காரன் பைப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டும். ஸ்ட்ரெச்சரைத் தூக்கவேண்டும். நான் பனிமலையில் தூக்கினேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

டங்கன் சாரும் அப்படித்தான். குவைத் யுத்தத்தில் இருபத்திரண்டு வயது பைப்பர். காலையில் மணலில் நின்று ஊதுவாராம். மற்றவர்கள் டீ போடுவார்களாம். சண்டை தொடங்கியதும் பைப் பெட்டிக்குள் போனது, ஸ்ட்ரெச்சர் கைக்கு வந்தது. எரிகிற வண்டிக்குள் மூன்று தடவை போய் ஆளை இழுத்தார் என்று பதக்கம் கொடுத்தார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு வளைகுடாவில் பல ஊர்களில் பேண்டுகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். குவைத்தில், ஃபர்வானியாவில், எட்டுப் பேர் இருந்த ஒரு ரூமில் வேலையில்லாமல் நான் விட்டத்தைப் பார்த்துக் கிடந்த வருடம், அவரும் அங்கேதான் இருந்தாராம். பேசிப் பார்த்தபோது தெரிந்தது.

எங்களுக்குள் ஓடியது என் உடைந்த இங்கிலீஷும், பேண்டில் இருந்த பாகிஸ்தான்காரர்களிடம் அவர் பொறுக்கிய இந்தியும். தமிழில் எழுதுகிறேன்.

ஏழு வயதில் கேட்டது

இரண்டு வருடம் முன்னால் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. இடது பக்கம் போனது. உதடும் ஒரு பக்கம் சரியாக மூடாது. ஊதினால் காற்று அந்தப் பக்கமாக ஓடிவிடும்.

மனைவி இல்லை. ஒரே மகள், ஃபியோனா. இங்கேயே பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

"ஏழு வயசுல கேட்டா. என் கல்யாணத்துல நீங்கதானே ஊதுவீங்கன்னு. ஆமான்னேன்." தடியால் தரையில் கோடு போட்டார். "என் கை முடியாது. என் பைப்பாவது ஊதட்டும். நீ ஊது, தங்கா."

ராணுவத்தை விட்டுவந்து நான்கு வருடம் நாகர்கோவிலில் கல்யாண பேண்டு செட்டில் ஊதினேன். அதற்குப் பிறகு தொடவில்லை. பதினோரு வருடம்.

அதைச் சொன்னேன். "அச்சா," என்றார். மறுநாள் பெட்டியோடு வந்தார்.

யுத்தத்துக்குப் போய் வந்த பைப். குழல்களில் இருந்த வெள்ளி கறுத்திருந்தது. பெட்டியின் மூலையில் இன்னும் கொஞ்சம் மணல் இருந்தது. அதை நான் தட்டவில்லை.

ஜெபல் அலியில் நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்புக்குக் கொண்டுபோனேன். ரூமில் ஏசி எப்போதும் ஓடும். ஏசிக் காற்றில் சீவாளி காய்ந்து வெடித்துவிடும். ஈரப்பஞ்சில் சுற்றி, ஊறுகாய் பாட்டிலில் போட்டு, ஃபிரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

என் ரூமில் மரியசெல்வம் என்று ஒருவன். தூத்துக்குடிப் பக்கம். என் பட்டாலியனிலேயே சிப்பாயாக இருந்தவன். இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறான். பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, இது எதுக்குத் தொட்டுக்கிட?"

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "இங்கன வச்சு ஊதுனா கேம்பே எந்திரிச்சு வந்துரும். நம்ம லாரி யார்டுக்கு வாங்க. ஞாயித்துக்கெழம ஒரு பய இருக்கமாட்டான்," என்றான்.

யார்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜனவரி. வெயில் இதமாக இருந்தது. பதினைந்து தண்ணீர் லாரிகள். நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் டங்கன் சார். மரியசெல்வம் தன் லாரிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான்.

பையில் காற்று நிறைந்ததும் எனக்குக் கண் இருட்டியது. என்ன ஊதுவது என்று யோசிக்கவில்லை. மறக்கவே முடியாத பாட்டைத்தான் விரல் எடுக்கும். எட்டாம் நம்பர்.

மூச்சு போதவில்லை. அதனால் மெதுவாக ஊதினேன். ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து இழுத்து, அடுத்ததற்கு மூச்சைச் சேர்த்துக்கொண்டு போனேன். பாட்டு பாதி வேகம்கூட இல்லை. ஆனால் பிசகவில்லை. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

பாதியில் பார்த்தால் டங்கன் சார் எழுந்து நிற்கிறார். தொப்பி கையில். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

முடித்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தார். டாக்சியை நிறுத்தி ஏறிப் போய்விட்டார். பைப் என் தோளிலேயே இருந்தது.

மரியசெல்வம் லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "அவ்வளவு மோசமாவா ஊதுனிய?"

அதற்குப் பிறகு அவர் காலை நடைக்கு வரவில்லை. ஒருநாள், இரண்டுநாள், ஒன்பது நாள். பைப் என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பைப்பர் தன் பைப்பை இன்னொருவனிடம் இத்தனை நாள் விட்டுவைக்கமாட்டான். ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருந்தது.

ஸ்பூன் டிராயர்

பத்தாவது நாள் ஃபியோனா காரை கேட்டில் நிறுத்தி கண்ணாடியை இறக்கினாள். கல்யாணத்தில் பைப் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார், பதிவு செய்த இசை போட்டுக்கொள்ளலாம் என்கிறார், என்ன நடந்தது என்று கேட்டாள்.

பாட்டைச் சொன்னேன். பெயர் தெரியாது. முனகிக் காட்டினேன். அவளுக்கு முகம் மாறியது.

அது அவர்கள் ஊரில் இறந்தவர்களுக்கு ஊதுகிற பாட்டாம். யுத்தத்தில் டங்கன் சார் இழுத்துவந்த ஆட்களில் ஒருவர் அவருடைய பேண்டு டிரம்மர். ராஸ் என்று பெயர். பிழைக்கவில்லை. அவருக்காக மணலில் நின்று அதை ஊதினார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை அவர் தொட்டதே இல்லை. வேறு யாராவது ஊதினாலும் அந்த இடத்தில் இருக்கமாட்டார். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் தனக்குத் தெரியும் என்றாள்.

நான் தொப்பியைக் கழற்றினேன். பிறகு சொன்னேன்.

"மேடம், எங்களுக்கு அது மட்டன்."

அவளுக்கு விளங்கவில்லை. படா கானா, தட்டு, அறுநூறு பேர், எல்லாம் சொன்னேன். கையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க. இத நீங்களே அப்பாகிட்ட சொல்லணும்."

கேட்டை விட்டுப் போகக்கூடாது. போனேன். கூட நின்ற நேபாளிப் பையன் பத்து நிமிஷம் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

டங்கன் சார் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். நான் அட்டென்ஷனில் நின்றேன். ஃபியோனா டீக்கு ஸ்பூன் எடுக்க டிராயரை இழுத்தாள். ஸ்பூன்களுக்கு நடுவே ஒரு பதக்கம் கிடந்தது. ரிப்பனில் சர்க்கரை ஒட்டியிருந்தது.

"சார், எனக்கு மூச்சு இல்ல. அதான் மெதுவா ஊதினேன். அது மெதுவான பாட்டு இல்ல," என்றேன். மேஜையில் விரலால் சரியான வேகத்தைத் தட்டினேன். தட்டிக்கொண்டே சொன்னேன். வரிசை. தட்டு. பெரிய அண்டா. ஆவி.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆட்டுக்கறியா?" என்றார்.

"எலும்போட, சார்."

முதலில் மூக்கிலிருந்துதான் சத்தம் வந்தது. பிறகு ஒரு பக்க வாயால் சிரித்தார். டீ சட்டையில் கொட்டியது. ஃபியோனா துடைக்க வந்தாள். அவள் கையைத் தள்ளிவிட்டுச் சிரித்தார்.

"ராஸ் எப்பவும் பசிக்காரன்," என்றார் கடைசியில். "உன் வேகத்துல நான் ஊதியிருந்தா எந்திரிச்சு தட்டத் தேடியிருப்பான்."

நனைந்த சட்டையைத் தானே துடைத்துக்கொண்டார்.

"நீயும் தூக்கினவன்தானே?"

"ஆமா சார்."

"எத்தன பேர்?"

"எண்ணல."

"நானும் எண்ணல," என்றார்.

அவர் வலது கை மேஜை விளிம்பில் இருந்தது. நான் தட்டிய பாட்டையே அதுவும் தட்டிக்கொண்டிருந்தது. நான்கு விரலும் சரியாக விழுந்தன. குழலின் கீழ்ப் பாதி முழுவதும் அந்த நான்கு விரலில் இருந்தது.

"சார், கீழ்க்கை நல்லா இருக்கு," என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

ஒரு சைக்கிள்

மூச்சு என்னுடையது. பை என் கக்கத்தில். குழலில் மேலே என் இடது கை. கீழே அவருடைய வலது கை. என் வலப்பக்கம் ஒட்டி நின்று, கையைக் குறுக்கே நீட்டி, குழலைப் பிடித்துக்கொள்வார்.

சொல்ல சுலபம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யார்டில் வந்த சத்தத்துக்குப் பக்கத்து யார்டு வாட்ச்மேன் ஓடிவந்தான். நான் மூடினால் அவர் திறப்பார். அவர் திறந்தால் நான் மூடுவேன்.

"அண்ணாச்சி, ஒரு சைக்கிள ரெண்டு பேரு மிதிக்க மாதிரில்லா இருக்கு. அதும் ஆளுக்கொரு தெருவுக்கு," என்றான் மரியசெல்வம்.

டங்கன் சார் என்ன சொல்கிறான் என்று கேட்டார். சொன்னேன். அவன் சொல்வது சரி என்றார்.

காலால் தரையைத் தட்டி எண்ணினோம். பிறகு எண்ணுவதை விட்டோம். அவர் மூச்சு எங்கே நிற்கிறது என்று என் தோளுக்குத் தெரிய ஆரம்பித்தது. அவர் தோள் என் மீது சாய்ந்துதானே இருந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டு முழுசாக வந்தது. எட்டாம் நம்பர். எங்கள் வேகத்தில்.

மரியசெல்வம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு லாரியிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தான். மணி மூன்றுதான். சாப்பிட்டாயிற்று. அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"நீங்க இத ஊதுனா எனக்கு வயிறு கெடந்து கூவுது," என்றான்.

அன்று அவர் டாக்சியில் ஏறும்போது சொன்னார், கல்யாணத்துக்கு லாரிக்காரனையும் கூட்டிவா என்று. பிறகு ஃபியோனாவுக்குப் போன் போட்டார். ஓட்டல்காரனிடம் கோழி, மீனோடு ஆட்டுக்கறியும் வேண்டும், எலும்போடு வேண்டும் என்று சொல்லச் சொன்னார்.

முப்பது அடி

கடலோர ஓட்டல் ஒன்றின் புல்வெளி. சாயங்காலம் நான்கு மணி. அறுபது நாற்காலி. ஒரு ஓரமாக நீள மேஜை, வெள்ளைத் துணி, மூடிவைத்த பாத்திரங்கள், அடுக்கிவைத்த தட்டுகள். மரியசெல்வம் இஸ்திரி போட்ட சட்டையில், கடைசி வரிசைக்கும் பின்னால், அந்த மேஜைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான். எங்கே நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

டங்கன் சார் கட்டம்போட்ட பாவாடை கட்டியிருந்தார். அவர்கள் ராணுவ உடுப்பு அது. பதக்கத்தைக் குத்தியிருந்தார். ரிப்பனைத் துவைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு கறுப்பு கோட்டு கொடுத்தார்கள். கை நீளம் பத்தவில்லை.

தடியை வாங்கி நாற்காலியில் வைத்தேன். அவர் இடது தோள் என் வலது தோளில் சாய்ந்தது. வலது முழங்கையை ஃபியோனா பிடித்துக்கொண்டாள். என் வலது கைக்கு வேலை இல்லை. அதைப் பின்னால் கொடுத்து அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்தேன். அப்படிப் பிடித்துப் பழக்கம் உண்டு.

பையில் காற்றை ஏற்றினேன். மூன்று குழலும் இரைந்தன. அவர் நான்கு விரலும் குழலில் வந்து உட்கார்ந்தன.

"யல்லா, தங்கா," என்றார்.

எட்டாம் நம்பரை எடுத்தோம்.

முதல் வரியிலேயே வெள்ளைக்காரப் பெரியவர்கள் சிலர் எழுந்தார்கள். தொப்பிக்குக் கை போனது. பாட்டு அவர்களுக்குத் தெரியும். ஆனால் வேகம் தெரியாது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கிழவியின் கால்தான் முதலில் ஆடத் தொடங்கியது. பிறகு நாலைந்து பேர் கைதட்டித் தாளம் போட்டார்கள். தொப்பியைக் கழற்றியவர் ஒருவர் அதைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார்.

முப்பது அடி. ஒவ்வொரு அடியும் அவர் இடது கால் புல்லில் கோடு போட்டது. ஃபியோனா எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு நடந்தாள், என் கை மேலே, அவள் அப்பா கை கீழே. ஒரு இடத்தில் பிசகியது. அவர் பிசகா, என் பிசகா என்று தெரியாது. நிற்கவில்லை.

மாப்பிள்ளை நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். நான் பையை அமுக்கி முடித்தேன். ஆடு கத்தவில்லை. சுத்தமாக நின்றது.

ஃபியோனா அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "நீங்கதான் ஊதினீங்க," என்றாள். அவர் வலது கை விரல்களை விரித்து விரித்து மூடினார்.

சட்டென்று கூட்டம் சிரித்தது. திரும்பிப் பார்த்தேன்.

மேஜைக்கு முன்னால் மரியசெல்வம். கையில் தட்டு. நெஞ்சுக்கு நேராக, முழங்கை மடக்கி, வரிசையில் முதல் ஆளாக நிற்கிறான். அவனுக்குப் பின்னால் வரிசையே இல்லை. அத்தனை பேரும் தன்னைப் பார்ப்பது அப்போதுதான் தெரிந்தது போல. தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தான்.

டங்கன் சார் அவனையே பார்த்தார். வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

"அதோ," என்றார் என்னிடம். "ராஸ் எந்திரிச்சிட்டான்."

பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, பாத்திரத்தைத் திறக்கச் சொன்னார். மரியசெல்வம் தட்டில் ஆட்டுக்கறி விழுந்தது. எலும்போடு. அதற்குப் பிறகுதான் மோதிரம் மாற்றினார்கள்.